‘தேர்வாகிட்டீங்க, ஆனா…’: ஓவியர் க்ரூஸின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

 

போன மாசம் எனக்கு ஒரு மெயில் வந்துச்சு. ஆடியோ நிகழ்ச்சிகளுக்குக் கொடுக்கிற ஒரு விருதுக்கு நம்ம பாட்காஸ்ட்டை அனுப்பியிருந்தேன். விண்ணப்பத்தில் பல பிரிவுகள் இருந்தன. நான் ‘வரலாறு’ என்ற பிரிவில் டிக் போட்டேன். மெயிலோட முதல் வரி, நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள். வீட்டுக்குள்ளேயே ஒரு சுத்து சுத்தி வந்தேன். அப்புறம்தான் இரண்டாவது வரியைப் படிச்சேன். தேர்வானது ‘பொழுதுபோக்கு’ பிரிவில். நான் அனுப்பிய எபிசோடு வரலாற்றுப் பிரிவுக்குச் சரிவரவில்லையாம். ஆனா மத்த எபிசோடுகள் கலகலப்பா இருந்ததால, அவங்களாவே பிரிவை மாத்திட்டாங்களாம்.

சிரிக்கிறீங்க இல்ல? என் தங்கச்சியும் சிரிச்சா. எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரல.

அந்த ரெண்டாவது ராத்திரியில்தான் எனக்கு ஒருத்தர் ஞாபகத்துக்கு வந்தார். இதே மாதிரி ஒரு செய்தியை, இதைவிட ஆயிரம் மடங்கு மோசமான முறையில் வாங்கினவர். மெயில்ல இல்ல, நேருக்கு நேர். அவர் பேர் ழான்-பாப்டிஸ்ட் க்ரூஸ். டாம் க்ரூஸ் இல்ல. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர். பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது வாய் ஒரு மாதிரி குவியும், அது எனக்கு வரல. அதனால க்ரூஸ்னே வச்சுக்கலாம்.

இவரை நீங்க கேள்விப்பட்டதே இல்லைன்னு நினைக்கலாம். ஆனா ஷெர்லாக் ஹோம்ஸ் படிச்சவங்க இவரைத் தாண்டித்தான் வந்திருப்பீங்க. ‘பயத்தின் பள்ளத்தாக்கு’ நாவலில், மோரியார்ட்டி ஒரு குற்றவாளி என்பதற்கு ஹோம்ஸ் ஒரு தடயம் சொல்வார். பேராசிரியர் வீட்டுச் சுவரில் ஒரு ஓவியம் தொங்குகிறது. வருஷத்துக்கு 700 பவுண்டு சம்பளம் வாங்குகிற ஒரு வாத்தியாரால் இந்த ஓவியரின் படத்தை எப்படி வாங்க முடியும்? அந்த ஓவியர் க்ரூஸ்தான். அதாவது, அவர் இறந்து 100 வருஷம் கழித்து, அவர் பெயர் ‘நியாயமான வழியில் சம்பாதிக்கிறவன் வாங்க முடியாத படம்’ என்பதற்கு உதாரணம்.

ஆனா அவர் சாகும்போது கையில் ஒன்றும் இல்லை. இந்த ரெண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இன்றைய கதை.

ஓடு வேய்கிறவர் மகன்

1725 ஆகஸ்ட் 21. பிரான்சில் பர்கண்டிப் பகுதியில், சோன் ஆற்றங்கரையில் டூர்னு என்று ஒரு சின்ன ஊர். அங்கே கூரை வேய்கிற தொழில் செய்பவரின் வீட்டில் க்ரூஸ் பிறக்கிறார். அப்பாவுக்கு மகன் கட்டடக் கலைஞனாக வேண்டும் என்று ஆசை. கூரையில் ஏறுகிற குடும்பத்திலிருந்து ஒருத்தன் அந்தக் கட்டடத்தையே வரைகிறவனாக ஆகட்டுமே என்கிற ஆசை. அதில் தப்பு சொல்ல முடியாது. பையனுக்கோ மனுஷ முகங்களை வரையத்தான் பிடித்திருந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் வரைந்தான், பிடிபட்டான், திட்டு வாங்கினான் என்றெல்லாம் கதைகள் உண்டு. கடைசியில் லியோன் நகரில் க்ராண்டோன் என்ற உருவப்பட ஓவியரிடம் பயிற்சிக்குப் போகிறார். 1750 வாக்கில் பாரிஸ் வருகிறார்.

இங்கே பாரிஸ் எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்லணும். ஓவியர்களுக்கு ஒரு அரச கழகம் இருந்தது. 1648-இல் தொடங்கியது. அதில் உறுப்பினராக இருந்தால்தான் ‘சலோன்’ என்கிற கண்காட்சியில் படம் வைக்க முடியும். சலோன் அப்போது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஆகஸ்ட் 25-ஆம் தேதி வாக்கில், லூவ்ர் அரண்மனையின் ஒரு பெரிய அறையில் தொடங்கும். தரையிலிருந்து கூரை வரைக்கும் சுவரெல்லாம் படங்கள். உள்ளே போகக் காசு கிடையாது. பிரபுவும் வருவார், மீன் விற்கிற அம்மாவும் வருவார். இன்றைக்குப் படம் ரிலீஸ் ஆகிற முதல் நாள் மாதிரி, ஊரே அதைப் பற்றிப் பேசும்.

கழகத்துக்குள் நுழைய இரண்டு படிகள். முதலில் உங்கள் படங்களைக் காட்டினால், பிடித்திருந்தால் ‘தற்காலிகமாக’ ஏற்றுக்கொள்வார்கள். அதன்பிறகு கழகத்துக்கென்றே ஒரு படம் வரைந்து கொடுக்கணும். அதைப் பார்த்து ஓட்டுப் போட்டு, முழு உறுப்பினர் ஆக்குவார்கள். எந்த வகை ஓவியராக ஆக்குகிறார்கள் என்பதும் அப்போதுதான் முடிவாகும்.

எந்த வகை. இந்த ரெண்டு வார்த்தையில்தான் க்ரூஸின் வாழ்க்கையே இருக்கிறது.

ஏனென்றால் அங்கே படங்களுக்கு நடுவே ஒரு ஏணி இருந்தது. 1660-களில் ஃபெலிபியன் என்ற எழுத்தாளர் அதை எழுதியே வைத்துவிட்டார். கீழ்ப்படியில் பழம், பாத்திரம், பூ வரைகிறவர்கள். அதற்கு மேல் இயற்கைக் காட்சி. பிறகு விலங்குகள். பிறகு மனித முகம், அதாவது உருவப்படம். உச்சியில் ‘வரலாற்று ஓவியம்’. புராணம், பைபிள், ரோமானிய மன்னர்கள், இவர்களை வரைகிறவன்தான் பெரிய ஓவியன். காய்கறி நறுக்குகிற பெண், பள்ளிக்குப் போக மறுக்கிற குழந்தை, கல்யாணம் பேசுகிற குடும்பம், இதையெல்லாம் வரைகிறவன் ஜானர் ஓவியன். சினிமாவுக்கு நாம இன்னிக்கும் சொல்ற அதே ‘ஜானர்’தான். பிரெஞ்சில் ‘வகை’ என்று அர்த்தம். அதாவது அவன் ஏதோ ஒரு வகை ஓவியன். வரலாற்று ஓவியன் மட்டும்தான் ‘ஓவியன்’.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. கழகத்தில் பேராசிரியர் ஆவதும், அதற்கு மேல் உள்ள பெரிய பதவிகளுக்குப் போவதும் வரலாற்று ஓவியர்களுக்குத்தான். ஷார்டன் என்று ஒரு மேதை அப்போது இருந்தார். சமையலறையையும் செம்புப் பாத்திரத்தையும் அவர் மாதிரி வரைந்தவர் இல்லை. அவர் கழகத்தில் பொருளாளராக இருந்தார், சலோனில் யார் படம் எந்தச் சுவரில் மாட்டணும் என்று பார்த்துக்கொண்டார். ஆனால் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் பேராசிரியராக மட்டும் ஆக முடியாது.

கண்ணீரின் சூப்பர்ஸ்டார்

1755-இல் க்ரூஸ் தற்காலிக உறுப்பினர் ஆகிறார். அந்த வருஷ சலோனில் அவர் வைத்த படம் ஒன்று. ஒரு கிராமத்து வீட்டில் தந்தை குடும்பத்தினருக்கு பைபிள் படித்துக் காட்டுகிறார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். அவ்வளவுதான் படம். பாரிஸ் திரும்பிப் பார்த்தது.

அதே வருஷம் ஒரு பாதிரியாரின் துணையோடு இத்தாலிக்குப் போகிறார். வரலாற்று ஓவியன் ஆகணும்னா ரோமுக்குப் போகணும், சிலைகளைப் பார்க்கணும், இடிந்த தூண்களை வரையணும். எல்லாரும் அதுக்குத்தான் போவாங்க. நம்ம ஆளு ரோமில் உட்கார்ந்துகொண்டு என்ன வரைந்தார் தெரியுமா? ‘உடைந்த முட்டைகள்’. கூடை கவிழ்ந்து முட்டை உடைந்து கிடக்கிறது, ஒரு இளம்பெண் தரையில் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கிழவி அங்கே நிற்கிற இளைஞனைப் பிடித்துச் சத்தம் போடுகிறாள். 1756-இல் வரைந்தது. இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. கண் எங்கே போகுதோ அங்கேதான் மனசு இருக்கு. இவர் கண் ரோமில்கூட வீட்டுச் சண்டைக்குத்தான் போயிருக்கு.

1761. அவர் வாழ்க்கையின் பெரிய ஹிட். ‘கிராமத்து மணப்பெண்’ என்று சொல்லலாம். ஒரு எளிய வீட்டு அறை. பன்னிரண்டு பேர். நடுவில் வயசான அப்பா, மருமகனிடம் வரதட்சணைப் பணப்பையை இப்போதுதான் கொடுத்திருக்கிறார். கையை விரித்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். ஓரத்தில் ஒப்பந்தம் எழுதுகிற நோட்டரி. மணப்பெண்ணின் ஒரு கை மாப்பிள்ளையின் கையோடு கோத்தும் கோக்காமலும் இருக்கிறது. இன்னொரு கையை அம்மா பிடித்துக்கொண்டிருக்கிறாள், விட மனசில்லாமல். தங்கை தோளில் சாய்ந்து அழுகிறாள். பின்னால் அக்கா ஒருத்தி, முகத்தில் கொஞ்சம் பொறாமை. தரையில் ஒரு கோழி, குஞ்சுகளோடு.

இந்தப் படத்தை இணையத்தில் தேடிப் பாருங்க. பெண் வீட்டை விட்டுப் போகிற நேரத்தில் ஒரு வீட்டில் என்னென்ன நடக்குமோ அத்தனையும் அதில் இருக்கு. விளக்கவுரை தேவையில்லை. சலோன் முடிய சில நாள்தான் இருந்தபோது படம் வந்து சேர்ந்தது. கூட்டம் நெருக்கித் தள்ளியதாம். அடுத்த சில வாரங்களில் பாரிஸின் ஒரு நாடகக் குழு, மேடையில் நடிகர்களை இதே படம் மாதிரி நிறுத்திக் காட்டியது. மீம் டெம்ப்ளேட் ஆகிற அளவுக்கு ஹிட்.

இதை எழுத்தில் கொண்டாடியவர் டிடரோ. கலைக்களஞ்சியத்தைத் தொகுத்த அதே டெனி டிடரோ. அவர் சலோன்களைப் பற்றி நீள நீளமாக விமர்சனம் எழுதினார். ஆனால் அது அச்சில் வராது. கையால் பிரதி எடுத்து, ஐரோப்பாவின் அரச குடும்பங்களைச் சேர்ந்த சில சந்தாதாரர்களுக்கு மட்டும் போகும். காசு கட்டினவங்களுக்கு மட்டும் வர்ற நியூஸ்லெட்டர். அதில் டிடரோ க்ரூஸைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார். மன்னர்களின் அந்தப்புரக் காதலை வரைகிற புஷே மாதிரியானவர்களைப் பார்த்துச் சலித்திருந்த டிடரோவுக்கு, மனுஷனை நல்லவனாக்கும் ஓவியம் கிடைத்துவிட்டது. 1763-இல் இன்னொரு படம். பக்கவாதத்தில் விழுந்த தாத்தாவுக்கு மருமகன் உணவு ஊட்டுகிறான், வீடே சுற்றி நிற்கிறது. அந்தப் படத்தை ரஷ்யப் பேரரசி கேத்தரின் வாங்கிவிட்டார். இப்போது ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கொஞ்சம் ஓவர்தான். இன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் மெகா சீரியல் ஞாபகம் வரும். ஒரே ஃபிரேமில் பத்துப் பேர் உருகுகிறார்கள். ஆனா ஒன்றை யோசிக்கணும். அதுவரை பெரிய உணர்ச்சிகளெல்லாம் ராஜாக்களுக்கும் தேவதைகளுக்கும்தான் என்று இருந்தது. ஏழை வந்தால் குடிச்சிட்டு ஆடுவான், காமெடி. ஒரு விவசாயியின் துக்கத்தை, ஒரு ராஜாவின் துக்கத்துக்கு இணையாக வரையலாம் என்று காட்டியவர்களில் க்ரூஸ் முக்கியமானவர். கூரை வேய்கிறவரின் மகன் அதைச் செய்தார்.

1769, ஆகஸ்ட் 23

இப்ப மெயில் மேட்டருக்கு வரேன்.

கழகத்துக்கு ஒரு படம் வரைந்து கொடுக்கணும்னு சொன்னேன் இல்லையா? க்ரூஸ் கொடுக்கவே இல்லை. ஒரு வருஷம் இல்ல, ரெண்டு வருஷம் இல்ல. 12 வருஷம். ஊரே கொண்டாடுது, விலை ஏறுது, எதுக்கு அவசரம்? அவருக்குத் தலைக்கனமும் ஜாஸ்தி. தன் படத்தைப் பற்றித் தானே பெருமை பேசுவார். 1767-இல் கழகம் பொறுமை இழந்தது. படம் தராவிட்டால் சலோனில் இடமில்லை என்றுவிட்டது. அந்த வருஷ சலோனில் க்ரூஸ் இல்லை.

சரி, கொடுத்துடலாம் என்று முடிவு செய்தார். எதைக் கொடுப்பது? ஒரு கிராமத்து வீட்டை வரைந்து கொடுத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருப்பார்கள். ஆனால் அவருக்கு உச்சிப்படி வேண்டும். ‘ஏதோ ஒரு வகை’ ஓவியனாக அல்ல, ஓவியனாகவே உள்ளே போக வேண்டும்.

அவர் எடுத்த கதை இது. ரோமானியப் பேரரசர் செப்டிமியஸ் செவரஸ், பிரிட்டனில் படையெடுப்பில் இருக்கிறார். மகன் காரக்கல்லா அவரைக் கொல்ல முயல்கிறான். தந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. மகனைக் கூப்பிட்டு, வாளை எடுத்து வைத்து, என்னைக் கொல்லணும்னா இப்பவே கொல், கை நடுங்கினால் இங்கே நிற்கிற பாப்பினியனிடம் உத்தரவு போடு என்கிறார். படத்தில் பேரரசர் கட்டிலில் அரை உடலோடு எழுந்து கையை நீட்டுகிறார். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறான். பின்னால் இரண்டு அதிகாரிகள் உறைந்து நிற்கிறார்கள். நிறம் குறைவு, அலங்காரம் குறைவு.

நல்லா கவனிங்க. அப்பாவும் மகனும். இது வேறெங்கோ போய்ப் பிடித்த கதை இல்லை. 1765-லேயே அவர் ‘நன்றிகெட்ட மகன்’, ‘தண்டிக்கப்பட்ட மகன்’ என்று இரண்டு சித்திரங்களைச் சலோனில் காட்டியிருந்தார். அதே வீடு, அதே சண்டை. இந்தத் தடவை அப்பாவுக்கு ரோமானிய உடம்பு கொடுத்திருக்கிறார். அவர் மனசுக்குள்ள ஏணியே இல்ல. எனக்கு அப்படித்தான் தோணுது. ராஜா வீட்டு அப்பாவும் அப்பாதானே?

1769 ஆகஸ்ட் 23. 44 வயசு முடிஞ்சு ரெண்டு நாள். கழகத்தின் உறுப்பினர்கள் ஒரு அறையில் கூடிப் படத்தைப் பார்க்கிறார்கள். க்ரூஸ் பக்கத்து அறையில் காத்திருக்கிறார். டிடரோ எழுதி வைத்த கணக்குப்படி, பிறகு அவரை உள்ளே கூப்பிடுகிறார்கள். நீங்கள் ஏற்றுக்கொள்ளப்பட்டீர்கள், வந்து உறுதிமொழி எடுங்கள் என்கிறார் தலைவர். எடுக்கிறார். சடங்கெல்லாம் முடிந்தபிறகு தலைவர் சொல்கிறார். ஏற்றுக்கொண்டது ஜானர் ஓவியராக. உங்கள் பழைய படங்கள் அருமை, அதற்காகத்தான். இந்தப் படத்தைப் பார்க்காத மாதிரி கண்ணை மூடிக்கொண்டோம். இது கழகத்துக்கும் தகுதியில்லை, உங்களுக்கும் தகுதியில்லை.

உறுதிமொழி எடுத்த பிறகு. அதுதான் எனக்கு வயித்தைப் பிசையுது.

க்ரூஸ் விடவில்லை. படத்துக்காக வாதாடினார். அப்போது லாக்ரனே என்ற ஓவியர் பையிலிருந்து பென்சிலை எடுத்து, எந்தெந்த உருவம் தப்பாக வரையப்பட்டிருக்கிறது என்று திரையிலேயே குறித்துக் காட்டினாராம். அதன்பிறகு படம் சலோனில் மாட்டப்பட்டது. பொதுமக்களும் பத்திரிகைகளும் சேர்ந்து கிழித்தார்கள். க்ரூஸ் ஒரு பத்திரிகைக்குத் தன் படத்தை விளக்கிக் கடிதம் எழுதினார். எல்லாத்துக்கும் மேல, டிடரோவும் கைவிட்டார். அந்த நேரத்தில் இருவருக்கும் நட்பு முறிந்திருந்தது. உன் இடத்தை விட்டு வெளியே வந்தாய், தோற்றாய் என்பதுதான் அவர் விமர்சனத்தின் சாரம்.

இப்ப ஒரு சங்கடமான கேள்வி. படம் நல்லா இருக்கா?

நான் இணையத்தில் இருக்கிற பெரிய பிரதியை ரொம்ப நேரம் பார்த்தேன். நேர்மையா சொல்றேன், எனக்கு அது ஒட்டல. கை விறைப்பா இருக்கு, உடம்பு உடம்பா இல்ல. ‘நானும் பெரிய ஓவியன்தான்’ என்று ஒவ்வொரு மடிப்பும் கத்துது. கழகம் நடந்துகொண்ட விதம் கேவலம். ஏணி முட்டாள்தனம். ஆனா படமும் அவருடைய நல்ல படம் இல்ல. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் உண்மை. இன்னொரு பக்கம், பதினைந்து வருஷம் கழித்து டாவிட் என்ற இளைஞர் இதே மாதிரி இறுக்கமான ரோமானியக் காட்சிகளை வரைந்து ஐரோப்பாவையே திருப்பிப் போட்டார். அதற்கு முன்னோடியாகச் சிலர் க்ரூஸின் இந்தப் படத்தைச் சொல்கிறார்கள். அவமானப்பட்ட படம் இப்போது லூவ்ரில் இருக்கிறது.

கோபத்தின் 31 வருஷம்

க்ரூஸ் என்ன செய்தார்? சலோனுக்கே போகலை. முழு உறுப்பினர் ஆகியும் போகலை. 1800 வரைக்கும். 31 வருஷக் கோபம்.

ஆனா மூலையில் உட்காரலை. இந்தப் பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். லூவ்ரில் இருந்த தன் ஸ்டூடியோவையே திறந்துவிட்டார். படம் பார்க்கணுமா, இங்கே வாங்க. வந்தார்கள். ஆஸ்திரியாவிலிருந்து வந்த பேரரசர் இரண்டாம் யோசஃப்கூட வந்தார். பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் உருவப்படம் வரையச் சொல்லி உட்கார்ந்தார். அங்கேதான் 1777, 78-இல் அந்தப் பழைய சித்திரங்கள் பெரிய ஓவியங்கள் ஆயின. முதல் படத்தில் மகன் பட்டாளத்தில் சேரக் கிளம்புகிறான், ஆள் எடுக்கிறவன் வாசலில் நிற்கிறான், அப்பா சாபம் விடுகிறார். இரண்டாவதில் மகன் ஊன்றுகோலோடு திரும்பி வருகிறான், அப்பா செத்துக் கிடக்கிறார். 1769-இல் எந்த அப்பா மகன் கதைக்காக அவமானப்பட்டாரோ, அதையே திரும்ப எடுத்து, இந்தத் தடவை ரோமை விட்டுவிட்டு வீட்டுக்குள் வரைந்தார். கை நீட்டுகிற அந்த அப்பா அதே அப்பாதான். இங்கே அந்தக் கை உயிரோடு இருக்கிறது.

பணமும் வந்தது, முக்கியமாக அச்சுப் படங்களில். ஓவியத்தைச் செம்புத் தகட்டில் செதுக்கி, தாளில் அச்சடித்து விற்பது. ஃப்ளிபார், மாசார் மாதிரி தேர்ந்த செதுக்குக் கலைஞர்கள் க்ரூஸின் படங்களைச் செதுக்கினார்கள். ஒரிஜினல் ஒரு பிரபுவிடம் இருக்கும், அச்சுப் பிரதி நடுத்தர வீடுகளுக்குப் போகும். கழகம் தராத இடத்தை அந்தச் சுவர்கள் கொடுத்தன.

ரெண்டு விஷயத்தை மறைக்காமல் சொல்லணும்.

ஒன்று, அவருடைய இளம்பெண் படங்கள். செத்துப்போன பறவைக்காக அழுகிற பெண், 1765, இப்போது எடின்பரோவில் இருக்கிறது. ‘உடைந்த குடம்’, லூவ்ரில் இருக்கிறது. முகங்கள் இன்னும் குழந்தை முகங்கள். டிடரோ பறவைப் படத்தைப் பார்த்து, இவள் பறவைக்காக மட்டும் அழவில்லை என்று பக்கம் பக்கமாகக் கற்பனை செய்கிறார். உடைந்த குடத்துக்கும் அப்படி ஒரு உள்ளர்த்தம் உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். ‘நல்லொழுக்கத்தின் ஓவியர்’ என்ற பெயரோடு இந்தப் படங்கள் பெரிய மனிதர்களின் அறைகளில் தொங்கின. ஒரு சிறுமியின் இழப்பை அழகுப் பொருளாக்கிப் பார்க்கிற அந்தப் பார்வை எனக்கு ஒட்டவே இல்லை. அவருடைய கோபத்தில் நான் பங்கெடுப்பேன், இதில் மாட்டேன்.

இரண்டு, அவருடைய மனைவி. ஆன்-காப்ரியேல் பாபுட்டி, புத்தகக் கடைக்காரரின் மகள். 1759-இல் கல்யாணம். அச்சுப் படக் கணக்குகளை அவர்தான் பார்த்தார். க்ரூஸ் பிற்காலத்தில் எழுதிய குற்றச்சாட்டில், பணத்தை அழித்தாள், கணக்குப் புத்தகத்தைக் கிழித்தாள், துரோகம் செய்தாள் என்று நீளமான பட்டியல் இருக்கிறது. பழைய புத்தகங்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டு அவரை வில்லி ஆக்கிவிட்டன. நமக்கு வந்திருப்பது கணவர் தரப்பு மனு மட்டும். ஆன்-காப்ரியேல் தன் பக்கத்தை எழுதிய மாதிரி ஒரு தாள் அதற்குப் பக்கத்தில் இல்லை. அதனால நான் தீர்ப்புச் சொல்லப் போறதில்ல. புரட்சி அரசு விவாகரத்தைச் சட்டமாக்கியது 1792-இல். இவர்கள் 1793-இல் பிரிந்தார்கள். குடும்பத்தின் ஓவியர் என்று பெயர் வாங்கியவரின் குடும்பம் அப்படி முடிந்தது.

அதே 1793-இல் இன்னொன்றும் நடந்தது. அரச கழகத்தைப் புரட்சி கலைத்துவிட்டது. அவரை அவமானப்படுத்திய கட்டடமே போயிற்று. சந்தோஷப்பட முடிந்ததா? அவருடைய உதவித்தொகையும் போயிற்று. சேமிப்பு, பணமதிப்பு விழுந்ததில் கரைந்தது. படம் வாங்குகிற பிரபுக்கள் ஓடிப்போயிருந்தார்கள், இல்லை தலை போயிருந்தது. ரசனையும் மாறிவிட்டது. இப்போது எல்லாருக்கும் டாவிட் வேண்டும், ரோம் வேண்டும்.

1800-இல் க்ரூஸ் மறுபடி சலோனில் படம் வைத்தார். வயசு 75. ஓரிரு வருஷத்துக்குள் அமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதி, எல்லாம் போய்விட்டது, திறமையும் துணிவும்தான் மிச்சம், வேலை ஒன்றும் இல்லை, முன்பணம் கிடைக்குமா என்று கேட்கிறார். நெப்போலியன் முதல் கன்சலாக இருந்தபோது அவருடைய உருவப்படம் ஒன்றை வரையும் வேலை கிடைத்தது. 1805 மார்ச்சில், லூவ்ரில் இருந்த தன் இருப்பிடத்திலேயே இறந்துபோனார்.

இன்றைக்கு அதே லூவ்ருக்குப் போனால், ‘கிராமத்து மணப்பெண்’ இருக்கிறது. சாபமிடும் அப்பா இருக்கிறார். செப்டிமியஸ் செவரஸும் இருக்கிறார். ஒரே கூரைக்குக் கீழே, மேல்படி கீழ்ப்படி இல்லாமல்.

சரி, என் மெயில்

அந்த ரெண்டு நாளில் நான் ஒரு பதில் எழுதி டிராஃப்ட்டில் வச்சிருந்தேன். ரொம்ப அறிவுபூர்வமான கோபம். விருது வேண்டாம்னு கடைசி வரி. க்ரூஸைப் படிச்சு முடிச்சப்புறம், அதை அனுப்பறதுக்கு முன்னாடி, நான் விருதுக்கு அனுப்பின எபிசோடை முதல் தடவையா முழுசாக் கேட்டேன். ஒன்றரை ஸ்பீடுல இல்ல, சாதா ஸ்பீடுல.

மக்களே, அது நான் இல்ல. யாரோ ஒரு புரொஃபசர் மாதிரி பேசறேன். ‘குறிப்பிடத்தக்கது’ என்ற வார்த்தை பதினோரு தடவை வருது, எண்ணினேன். முதல் இருபது நிமிஷத்தில் ஒரு மனுஷன் எழுந்து நடக்கலை, ஒரு அம்மா திட்டலை, ஒரு பணப்பை கை மாறலை. ‘நானும் வரலாறுதான்’ என்று ஒவ்வொரு வாக்கியமும் கத்துது.

டிராஃப்டை அழிச்சேன். அதுக்காக அவங்க செஞ்சது சரின்னு சொல்லலை. கேட்காம பிரிவை மாத்தினது தப்பு. சிரிக்க வச்சா அது வரலாறு இல்லைன்னு யார் முடிவு பண்ணினதுன்னு கேட்டு, ரெண்டே வரியில் ஒரு பதில் அனுப்பினேன். கூடவே, விழாவுக்கு வரேன்னும் எழுதினேன். 31 வருஷம் கோபமா இருக்கிற அளவுக்கு எனக்கு ஸ்டூடியோவும் கிடையாது, ஸ்டாமினாவும் கிடையாது.

பதில் இன்னும் வரலை. வந்தா சொல்றேன்.

நீங்க இந்த வாரம் ஒண்ணு பண்ணுங்க. ‘கிராமத்து மணப்பெண்’ படத்தைத் தேடி எடுத்து, மணப்பெண்ணோட ரெண்டு கையையும் மட்டும் ஒரு நிமிஷம் பாருங்க. ஒண்ணு எங்கே போகுது, இன்னொண்ணை யார் விடமாட்டேங்கிறாங்கன்னு. அதுக்கப்புறம் அது எந்தப் பிரிவுல வரும்னு எனக்கு எழுதுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம். வணக்கம்.